யார் பாஸ்?

‘பாஸ் ஆயிடுச்சா?’

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்றுகொண்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் காதில் வாங்கினால், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. கேட்டவர் சின்ன வெங்காயம் போட்டிருக்கிற விவசாயி என்றால், கூட்டுறவு சங்கத்தில் எழுதிக் கொடுத்த கடன். ரோடு போடுகிற கான்ட்ராக்டர் என்றால், ஆறு மாசமாக மேஜை மேஜையாகச் சுற்றுகிற பில். மளிகைக் கடைக்காரர் என்றால் செக். லெப்பைக்குடிக்காட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட்டாகக்கூட இருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் பெரியவரிடம் நர்ஸம்மா, ‘யூரின் பாஸ் ஆச்சா தாத்தா?’ என்று கேட்கிறார். தாத்தாவுக்கு அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே பெரிய பாஸ் அதுதான்!

நாலு எழுத்து இங்கிலீஷ் வார்த்தை. தமிழில் இரண்டே எழுத்து. அதற்குள் இவ்வளவு வாழ்க்கை.

அரியலூர் பக்கம் போனால் இன்னும் விசேஷம். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள் அந்த ஊர் ரோடுகளை ஆளுகின்றன. பைக்கில் பின்னால் மாட்டிக்கொண்டவரிடம் பின் சீட்டுக்காரர் சொல்வது, ‘மாப்ள, அவசரப்படாத. வளைவு தாண்டட்டும், அப்புறம் பாஸ் பண்ணிக்கலாம்.’ லாரி டிரைவரை மறிக்கிற அதிகாரி கேட்பதும் பாஸ்தான். டிரான்சிட் பாஸ். எந்தக் குவாரி, எவ்வளவு லோடு, எங்கே போகிறது என்று சொல்லும் காகிதம். இதற்கு அரசாங்கத் தமிழில் நடைச்சீட்டு என்று பெயர். நம் அரசாங்கத் தமிழைக் கிண்டல் செய்பவர்கள் இந்த ஒரு சொல்லுக்காகவாவது ஒரு வணக்கம் போட வேண்டும். ‘பாஸ்’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு மூலம், காலடி என்று பொருள்படும் லத்தீன் சொல். நடைச்சீட்டு என்று பெயர் வைத்த குமாஸ்தாவுக்கு லத்தீன் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அச்சு அசலாக வந்து விழுந்துவிட்டது.

சிங்கப்பூர் போகிற பையன்களைக் கேளுங்கள். அவர்கள் அகராதியில் பாஸ் என்றால் ஜாதி மாதிரி. ‘அவன் எஸ் பாஸ்ல இருக்கான். இவன் வெறும் பர்மிட்தான்.’ பொண்ணு பார்க்கப் போகிற இடத்தில் பொண்ணோட அப்பா முதலில் விசாரிப்பதே அதைத்தான். 2025 செப்டம்பரிலிருந்து புதிதாக எஸ் பாஸ் வாங்க மாசம் குறைந்தது 3,300 சிங்கப்பூர் டாலர் சம்பளம் காட்ட வேண்டும் என்று அந்த நாடு உயர்த்திவிட்டது. அதாவது மாப்பிள்ளை மார்க்கெட்டிலும் கட்-ஆஃப் ஏறிவிட்டது.

2020-ல் நாம் எல்லோரும் ஒன்றாகக் கற்றுக்கொண்ட பாஸ் ஒன்று உண்டு. இ-பாஸ். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள் அந்த மே மாசம் ஊருக்குத் திரும்பியபோது, அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலும் கொரோனா கணக்கு கிடுகிடுவென ஏறியது. சொந்த ஊருக்குள் நுழைய, செத்தவரைப் பார்க்க, கல்யாணம் பண்ணிக்கொள்ள எல்லாவற்றுக்கும் பாஸ். அப்ளை செய்துவிட்டு மொபைலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, டைம் பாஸ் போதும். (பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்திருக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம், வயசு 12 கோடி வருஷம் என்கிறார்கள். டைம் பாஸ் என்றால் அதுதான் டைம் பாஸ். நாம் பண்ணுவதெல்லாம் சும்மா.)

நான் சண்டை போட வந்திருப்பது வேறு ஒரு பாஸோடு.

பரீட்சை பாஸ்.

2023-ல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெரம்பலூர். 97.67 சதவிகிதம். அடுத்த வருஷம் அதே பத்தாம் வகுப்பில் முதலிடம் அரியலூர். 97.31. 2025-ல் பிளஸ் டூவில் மறுபடியும் அரியலூர். 98.82! சென்னை இல்லை, கோயம்புத்தூர் இல்லை. ஒரு காலத்தில் திருச்சி மாவட்டத்தின் மூலையில் கிடந்த வறண்ட பூமி. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் திரும்பவும் ஒட்டினார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். அரியர் வைத்து, இரண்டாவது அட்டெம்ப்ட்டில் பாஸான மாவட்டம் அரியலூர் ஒன்றுதான் என்று அந்த ஊர்க்காரர்களே ஜோக் அடிக்கலாம். அப்படிப்பட்ட மண் முதலிடம் வருவது சாதாரண விஷயமா? சாயங்காலம் ஆறு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் எடுத்த டீச்சர்களுக்கும், சுண்டல் வாங்கிக் கொடுத்துப் படிக்க வைத்த ஹெட்மாஸ்டர்களுக்கும், கரண்ட் போன வீட்டில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளுக்கும் நான் எழுந்து நின்றே கை தட்டுவேன்.

தட்டிவிட்டுக் கேட்கிறேன். இந்த முதலிடம் எதில்?

பாஸில்.

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல், தேர்ச்சி. எவ்வளவு கம்பீரமான சொல்! சமையலில் தேர்ச்சி பெற்றவர் என்றால், அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு நாலு தெரு தாண்டிப் போகலாம். சிலம்பத்தில் தேர்ச்சி பெற்றவர் என்றால் கிட்டே போகக் கூடாது. கணிதத்தில் தேர்ச்சி பெற்றவர் என்றால்..? நூற்றுக்கு முப்பத்தைந்து. பிளஸ் டூ இயற்பியலில் இன்னும் சுலபம். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இந்த முப்பதும் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிடும். எழுத்துத் தேர்வில் எழுபதுக்குப் பதினைந்து எடுத்தால் போதும். எழுபதில் ஐம்பத்தைந்து மார்க்குக்கு உண்டான பௌதிகம் அந்தப் பிள்ளையைத் தொடவே இல்லை. சான்றிதழில் அச்சடித்துக் கொடுக்கிறோம்: தேர்ச்சி.

இங்கிலீஷ்காரன் இந்த விஷயத்தில் நம்மைவிட யோக்கியன். பாஸ் என்றால் தாண்டிப் போனான், அவ்வளவுதான். உள்ளே ஏதாவது தங்கியதா என்று அந்தச் சொல் உத்தரவாதம் தருவதில்லை. எக்ஸ்பிரஸ் ரயில் சின்ன ஸ்டேஷனை பாஸ் பண்ணுகிற மாதிரி. நிற்காது, ஆள் ஏறாது, இறங்காது. கொடி காட்டியாகிவிட்டது, போய்விட்டது. 2021-ல் கொரோனாவால் பரீட்சையே நடக்காமல் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் மார்க்கே கிடையாது. தேர்ச்சி என்ற ஒரு சொல்தான். அந்த வருஷம் வேறு வழியில்லை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதம் தற்செயலாக ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. நமக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு சொல்தான்.

இப்போது ஒரு வேடிக்கை. 2017-ல் நம் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. பொதுத்தேர்வில் மாநில முதல் ரேங்க், இரண்டாவது ரேங்க் என்று அறிவிப்பதை நிறுத்தியது. போட்டோ போட்டுக் கேக் ஊட்டுகிற கூத்து குறைந்தது. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு மன உளைச்சல் தரக் கூடாது என்பது காரணம். ரொம்ப சரி. ஆனால் அதே அரசாங்கம், அதே ரிசல்ட் நாளில், மாவட்டங்களுக்கு ரேங்க் போடுவதை மட்டும் விடவே இல்லை. பிள்ளைக்கு ரேங்க் போட்டால் பாவம். மாவட்டத்துக்குப் போட்டால் புண்ணியமா?

2023-ல் பெரம்பலூருக்கும் இரண்டாவதாக வந்த சிவகங்கைக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? 0.14 சதவிகிதம். ஒரு மாவட்டத்தில் பத்தாயிரம் பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், பதினாலு பிள்ளைகள். ஒரு ஸ்கூல் வேன் கூட நிறையாது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே ஜனத்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர். ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் கீழே. இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பத்துப் பிள்ளைகள் இப்படியா அப்படியா என்பதில் மாவட்டத்தின் ‘மானம்’ ஆடுகிறது.

ஆடுகிறபோது என்ன ஆகும்? மேலே இருப்பவர் மீட்டிங் போடுவார். ‘உங்க ஸ்கூல்ல ஏன் சார் மூணு ஃபெயிலு?’ ஹெட்மாஸ்டர் டீச்சரைக் கேட்பார். டீச்சர் பிள்ளையைப் பார்ப்பார். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் தயாராகும். பெயர் என்னவோ மென்மையாகத்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மெட்டீரியல். ஒரு மார்க் கேள்விகள், புத்தகத்தின் பின்னால் இருக்கிற வினாக்கள், திரும்பத் திரும்ப வருகிற ஐந்து மார்க். ‘இதை மட்டும் படி, பாஸாயிடுவ.’ படிக்கிறான், பாஸாகிறான். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு வேறு விதமான தண்டனை. அவள்தான் பாஸாகிவிடுவாளே! டீச்சரின் நேரம் முழுக்க முப்பத்தைந்தின் ஓரத்தில் நிற்பவனுக்கு. எண்பதிலிருந்து தொண்ணூறுக்குப் போகக் கூடியவளைக் கவனிக்க ஆளில்லை, அவளால் மாவட்ட சதவிகிதம் ஒரு புள்ளிகூட ஏறாது.

இதற்கும் மேலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தேர்ச்சி சதவிகிதம் என்பது பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கு. எழுத வராதவர்கள் அந்தக் கணக்கில் ஃபெயிலும் இல்லை, பாஸும் இல்லை. அவர்கள் இல்லவே இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு மாநிலம் முழுவதும் வராமல் போனவர்கள் ஐம்பதாயிரம் பேர். தமிழ்ப் பரீட்சைக்கு! அது அந்த ஒரு வாரம் பெரிய செய்தியாக இருந்தது. மே மாதம் ரிசல்ட் வந்தபோது சதவிகிதம் ஜம்மென்று நின்றது. எந்த மாவட்டமும் வேண்டுமென்றே இதைச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது, நாம் போட்டிருக்கும் கணக்கு, வீட்டில் உட்கார்ந்துவிட்ட பிள்ளையால் கெடாத கணக்கு. ஃபெயிலாகிற பிள்ளைதான் மாவட்டத்துக்கு அவமானம். காணாமல் போகிற பிள்ளையால் ஒரு நஷ்டமும் இல்லை. இப்படி ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, ‘தம்பி, நீ பிரைவேட்டா எழுதிக்கோயேன்’ என்று ஒரு பையனிடம் யாராவது சொன்னால், சொன்னவரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

‘ஓஹோ, அப்ப எல்லாரையும் ஃபெயிலாக்கணும்கிறீங்களா?’ என்று கேட்க ஒருவர் கிளம்பியிருப்பார், தெரியும். கிடையவே கிடையாது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019-ல் கொண்டுவந்ததை 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்களே, அன்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். பத்து வயசுப் பிள்ளையை ஃபெயிலாக்கினால் அது மறுபடி படிக்க வராது. ஆடு மேய்க்கப் போகும், பருத்தி எடுக்கப் போகும், கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிடுவார்கள். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் மூணு தலைமுறைக்கு அதுதான் நடந்தது. ஒரு பெண் பிள்ளை பஸ் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிளஸ் டூ வரை வருகிறாள் என்பதே புரட்சி. பஸ்காரர் ‘பாஸ் புள்ளைங்கல்லாம் அடுத்த வண்டியில வாங்க’ என்று விசிலடித்துப் போன பிறகும், அடுத்த வண்டிக்கு நின்று வருகிறாள். அவள் வந்து சேருவதற்கு நான் எதிரியா? வந்து சேர்ந்தவளுக்கு என்ன கொடுத்தோம் என்பதை அளக்காமல், வந்து போய்விட்டாள் என்பதை மட்டும் அளந்து கேக் வெட்டுகிறோமே, அதற்குத்தான் எதிரி.

வெளியிலிருந்து வந்து ஒருவர் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு தடவை சான்று கிடைத்தது. உலக நாடுகளின் பதினைந்து வயசுப் பிள்ளைகள் எழுதுகிற பிஸா என்ற தேர்வு இருக்கிறது. ஓ.இ.சி.டி. அமைப்பு நடத்துவது. இந்தியாவிலிருந்து அதில் கலந்துகொண்டவை இரண்டே மாநிலங்கள், தமிழ்நாடும் ஹிமாசலப் பிரதேசமும். 2011 கடைசியில் ரிசல்ட் வந்தது. எழுபத்துச் சொச்சம் இடங்களில் கடைசியில் கிர்கிஸ்தான். அதற்குச் சற்று மேலே, நாம். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். இருக்கலாம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு பல சுற்றுகளில் இந்தியா அந்தப் பக்கமே போகவில்லை. நாமே கேள்வி போட்டு, நாமே திருத்தி, நாமே 98 சதவிகிதம் வாங்குகிற பரீட்சைதான் நமக்கு வசதி.

இந்த பாஸ் விவகாரத்தின் கொடூரமான முகத்தைப் பார்த்ததும் அரியலூர் மாவட்டம்தான். குழுமூர் அனிதா. அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். 2017 பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176. முப்பத்தைந்தின் ஓரத்தில் தத்தளித்த பிள்ளை இல்லை. மாநிலம் வைத்த பரீட்சையில் மாநிலம் கேட்டதை எல்லாம் கொடுத்த பிள்ளை. அதே வருஷம் நீட்டில் 86. பட்டியல் இனத்தவருக்கான தகுதி மதிப்பெண் அந்த வருஷம் 107. ஒரு வாசலில் கிட்டத்தட்ட முழு மார்க். அடுத்த வாசலில் உள்ளே விட மாட்டோம். சுப்ரீம் கோர்ட் வரை போய் வாதாடிப் பார்த்தார். 2017 செப்டம்பர் 1-ம் தேதி அந்தப் பதினேழு வயசுப் பெண் உயிரை விட்டார்.

அவரை யாரும் ஃபெயில் என்று சொல்லிவிட முடியாது. 1,176 பொய்யா? பொய் இல்லை. நீட்டுக்குக் கோச்சிங் என்று லட்சக்கணக்கில் கட்ட முடிந்தவர்களுக்காகவே வைத்த மாதிரியான வாசல் அது, அந்தக் கோபம் எனக்கு இன்றும் குறையவில்லை. கூடவே நம் வாசலையும் பார்க்க வேண்டும். புத்தகத்தை வரி மாறாமல் எழுதினால் முழு மார்க் என்று பன்னிரண்டு வருஷம் ஒரு பிள்ளையைப் பழக்கிவிட்டு, வேறு மாதிரிக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் தயார் செய்யாமல், ‘விலக்கு வாங்கிடுவோம், பாத்துக்கலாம்’ என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது யார்?

விலக்கு என்றதும் இன்னொரு பாஸ் ஞாபகம் வருகிறது. மசோதா பாஸ். 2017 பிப்ரவரியில் சட்டசபையில் பாஸ். டெல்லியில் நின்றுபோனது. 2021 செப்டம்பரில் ஆட்சி மாறி மறுபடி பாஸ். கவர்னர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மூன்றாம் முறையாக பாஸ். ஜனாதிபதி ஒப்புதல் மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சபையில் அறிவித்தார். மேஜையைத் தட்டித் தட்டி நம் எம்.எல்.ஏ.க்கள் மூன்று தடவை பாஸ் செய்த ஒன்று, இன்னும் பாஸாகவில்லை! அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ சீட்டில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்ததே, உருப்படியாகக் கைக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

டெல்லிக்காரர்களின் ‘தகுதி’யும் எவ்வளவு புனிதமானது என்று பாருங்கள். 2023-ல் மருத்துவ மேற்படிப்பு சீட்டுகள் காலியாகக் கிடந்தன. உடனே நீட் பி.ஜி. கட்-ஆஃபை ஜீரோ பெர்சன்டைலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதாவது பரீட்சை எழுதிய கடைசி ஆள் வரைக்கும் தகுதி. குழுமூர்ப் பெண்ணிடம் 107-க்கு 21 குறைகிறது என்று கறார் பேசிய அதே ‘தகுதி’, சீட்டு விலை போகவில்லை என்றதும் தரையில் படுத்துக்கொண்டது. பாஸ் மார்க் என்பது கல்லில் செதுக்கியது என்று இனிமேல் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு அது வளையும்.

2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே அரங்கத்துக்கு அனிதாவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

தமிழ் எழுத்தில் ஒரு குழப்பம் உண்டு. தேர்ச்சிக்கும் பாஸ், முதலாளிக்கும் பாஸ். இங்கிலீஷில் இரண்டும் வேறு வேறு சொல், வேறு வேறு உச்சரிப்பு. நமக்கு ஒன்றுதான். நம் பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. சதவிகிதம்தான் அங்கே பாஸ். ஹெட்மாஸ்டருக்கு அதுதான் எஜமான், மாவட்டக் கல்வி அதிகாரிக்கும் அதுதான், மந்திரிக்கும் அதுதான்.

எனக்கு ஒரு சின்ன கோரிக்கை இருக்கிறது. அடுத்த ரிசல்ட் நாளில் மாவட்ட வரிசை போடாதீர்கள். போட்டே தீருவேன் என்றால், அந்த அட்டவணையில் இரண்டு காலம் சேர்த்துப் போடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பிளஸ் டூ பரீட்சை ஹாலில் வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர். எல்லாப் பிள்ளைக்கும் எமிஸ் நம்பர் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். பட்டனைத் தட்டினால் வந்துவிடும், புதிதாக ஒருவரும் எண்ண வேண்டியதில்லை. அப்படிப் போட்ட பிறகும் பெரம்பலூரும் அரியலூரும் முதலிடத்தில் நிற்கலாம். நின்றால் கேக் என் செலவு.

அந்த பில்லை மட்டும் யாராவது சீக்கிரம் பாஸ் பண்ணிக் கொடுங்கள்.